தாழ்மையுடன் விண்ணப்பிக்கிறேன்: ஆராய்ச்சிப் படிப்பு மனுக்களை வாசித்தல்

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை. விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்', கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள'. தமிழ்நாட்டுச் சேரிகளில் எழுதப்பட்ட உரைநடையை எல்லாம் ஓரிடத்தில் குவித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி மனுவாகத்தான் இருக்கும். பட்டா கேட்டு மனு, சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு, தெருவிளக்கு கேட்டு மனு, சாதிச் சான்றிதழ் கேட்டு மனு. (நம்மை வருணத்துக்கு வெளியே தள்ளியவன் பெயரும் மனு, நாம் எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வெயிலில் நிற்பதும் மனு. சொல்லின் பிறப்பு வேறாக இருக்கலாம். காதில் ஒன்றாகத்தான் விழுகிறது.) இவ்வளவு பேர் இவ்வளவு காலமாக எழுதிவரும் ஒரு வகைமையை நம்முடைய விமர்சனம் பிரதியாக எடுத்து வாசித்து நான் பார்த்ததில்லை.

மனு என்றாலே கெஞ்சல் என்றும் இல்லை. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையின் சார்பில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் சாதி இந்துக்கள்தான் அதிகாரிகளாக வந்து நம் தலையில் உட்காருவார்கள் என்பது வாதம். அந்த மனு 'எனக்கு ஒரு இடம் கொடு' என்று கேட்கவில்லை. இடத்தை யார், யாருக்கு, எந்தத் தேர்வு வழியாகப் பங்கு வைக்கிறார்கள் என்று கேட்டது. அந்த இரண்டு குரல்களுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நான் எடுத்துக்கொள்வது மனுவின் ஒரு சின்னக் கிளையை மட்டும்: முனைவர் பட்ட ஆய்வுக்கும் வெளிநாட்டு மேற்படிப்புக்கும் நம் பிள்ளைகள் எழுதும் நோக்க அறிக்கை, அதோடு போகும் பரிந்துரைக் கடிதம், கடைசியில் நேர்முகம். கடந்த சில வருடங்களாக மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் வரைவுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அரசுக் கலைக் கல்லூரியில் எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி, சில வீடுகளில் தெருவிலேயே முதல் முதுகலை.

இவர்களுக்கு முதலில் கிடைப்பது தன்னம்பிக்கைப் புத்தகம். ரயில்வே ஸ்டேஷன் கடையில் விற்கிறதே, 'உன்னால் முடியும்' ரகம். முயன்றால் முடியாதது இல்லை, தோல்வி வெற்றியின் முதல் படி, கனவு காண். இந்தப் பிரதிகளில் சாதி என்ற சொல்லே வராது. நுழைவுத் தேர்வுக் கட்டணம் வராது. டெல்லிக்கு அன்ரிசர்வ்டு பெட்டியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போவது வராது. எல்லாத் தடையும் உன் மனசுக்குள் இருக்கிறது என்று சொல்லும் ஒரு சொல்லாடல், தடையை வெளியே வைத்திருப்பவனுக்கு எவ்வளவு வசதி! இரண்டு முறை இடம் கிடைக்காத பையன் அதைப் படித்துவிட்டு 'எனக்கு வில் பவர் பத்தல சார்' என்கிறான். அவனுக்குப் பத்தாமல் போனது 12 மதிப்பெண். அது நேர்முகத்தில் போனது. அவன் மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம்மிடம் வேறு மாதிரி ஒரு ஊக்கப் பிரதி இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. அதில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது தங்கச்சியிடம் சொல்கிறார்: இந்தச் சாதியில் பிறந்ததால் நமக்கு மதிப்பில்லை, படித்து முன்னேறினால் இந்த இழிவைத் தூக்கி எறியலாம், நீ முதலாவதாக வந்தால் மற்றவர்கள் தானாக உன்னைத் தேடி வருவார்கள். அவரும் அப்படியே படிக்கிறார், முதலில் வருகிறார், கூட வந்து பழகவும் செய்கிறார்கள். அங்கே நின்றிருந்தால் அதுவும் ஸ்டேஷன் கடைப் புத்தகமாகியிருக்கும். ஆனால் அதே பிரதி கல்லூரி வகுப்புக்கு வருகிறது; தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி என்று எல்லார் முன்னாலும் பேர் வாசிக்கிறார்கள்; அந்தப் பெண் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அண்ணன் சொன்னதில் பாதியை வாழ்க்கை நிரூபிக்கிறது, மீதிப் பாதியை அடித்துப் போடுகிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதியதால்தான் அது நம்பத் தகுந்த ஊக்கமாக இருக்கிறது. படி, ஆனால் படிப்பு மட்டும் உன்னைக் காப்பாற்றிவிடாது.

இதே அளவுகோலோடு நம் தெருவில் ஒட்டியிருக்கும் அம்பேத்கர் படத்தைப் பாருங்கள். நீலக் கோட்டு, கையில் புத்தகம், கீழே எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பார்-அட்-லா என்று ஒரு ரயில் வண்டி. அந்தப் பட்டங்களின் வரிசையை நானும் பெருமையோடு பார்த்து வளர்ந்தவன்தான், அதை யாரும் கிழிக்க வேண்டியதில்லை. ஆனால் படமும் ஒரு பிரதி. அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கவேண்டும். பட்டத்துக்கும் பட்டத்துக்கும் நடுவில் இருக்கும் காற்புள்ளிகளில் என்ன நடந்தது?

பரோடா அரசின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா போகிறார். மூன்று வருடத்துக்கு மாதம் பதினொன்றரை பவுன். பதிலுக்குப் பத்து வருடம் பரோடாவில் வேலை பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தம். 1915-ல் எம்.ஏ. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசிக்கிறார். அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்கிறார். 1917-ல் உதவித்தொகை முடிந்துவிட்டது, திரும்பி வா என்கிறார்கள். படிப்பு பாதியில் நிற்கிறது. அவர் புறப்படும்போது செய்த காரியத்தைக் கவனிக்கவேண்டும்: நான்கு வருடத்துக்குள் திரும்பிவந்து தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறார். தனியாக அனுப்பிய பெட்டி, புத்தகங்களோடு கடலில் மூழ்குகிறது. பரோடாவில் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் என்ன நடந்தது என்று அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பம்பாய் திரும்பி, பங்குச் சந்தை ஆலோசனை சொல்லித் தொழில் நடத்தப் பார்க்கிறார். தீண்டப்படாதவன் என்று தெரிந்ததும் வருகிறவர்கள் நின்றுபோகிறார்கள். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி வாங்கி, நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கி, 1920-ல் மறுபடியும் லண்டன்.

முடிந்ததா? 1921-ல் எம்.எஸ்சி. 1922 அக்டோபரில் டி.எஸ்சி. ஆய்வேட்டைக் கொடுக்கிறார். 1923-ல் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். கையில் காசில்லாமல் பம்பாய்க்கு வந்துவிட்டார். இங்கே உட்கார்ந்து எழுதி அனுப்பி, அந்த வருடக் கடைசியில்தான் பட்டம். ஆய்வேடு 'ரூபாயின் பிரச்சினை' என்ற பெயரில் நூலாக வந்தபோது முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கானன், தனக்கு உடன்பாடில்லாத இடங்கள் இருப்பதை அதிலேயே சொல்லிவிட்டார். கொலம்பியாவின் பிஎச்.டி. முறைப்படி வந்து சேர்ந்தது 1927-ல். முதலில் அங்கே போய் 14 வருடம் கழித்து.

மூன்று வருட இடைவெளி, கடன், தோற்றுப்போன தொழில், திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடு. இதெல்லாம் படத்தில் இல்லை. அதனால் இரண்டாவது முறை இடம் கிடைக்காத நம் பிள்ளை அந்தப் படத்தின் முன்னால் நின்று 'அவர் மேதை, நாம எங்க' என்று தலை குனிகிறான். எனக்கு அந்தக் காற்புள்ளிகள்தான் பாடம். இடைவெளி வரும் என்று தெரிந்து முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வைத்தது பாடம். கடன் கொடுக்க ஒரு நண்பன் இருந்தது பாடம். விடாமுயற்சி என்பது ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லை. கூட இருக்கிறவர்களின் கையில் பாதி இருக்கிறது.

நோக்க அறிக்கைக்கு வருவோம். நான் படித்த வரைவுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்குகின்றன: 'நான் ஒரு ஏழைக் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தேன்.' பிறகு குடிசை, மண்ணெண்ணெய் விளக்கு, அம்மா வட்டிக்கு வாங்கிய கடன், வாத்தியார் சாதி சொல்லித் திட்டியது. ஒன்றரைப் பக்கம். கடைசி நாலு வரியில் ஆய்வுத் தலைப்பு. அது எந்தத் துறைக்கும் பொருந்தும், எந்த ஊருக்கும் பொருந்தும். எல்லாம் உண்மை. ஆனாலும் அறிக்கை தோற்றுப்போகிறது. ஏன்?

நாம் தன்வரலாற்றின் வலிமையில் வளர்ந்த இலக்கியக்காரர்கள். காயத்தைச் சொன்னால் போதும், அது எரியும் என்று நம்புகிறோம். ஆனால் தன்வரலாற்றில் எழுதுகிறவன் வாசகனைக் கூண்டில் நிறுத்துகிறான். நோக்க அறிக்கையில் வாசிப்பவன் நாற்காலியில் இருக்கிறான், எழுதுகிறவன் நிற்கிறான். அதே காயம் இங்கே சாட்சியம் என்ற நிலையை இழந்து சரக்காகிவிடுகிறது. தேர்வுக் குழு படித்துவிட்டு 'பாவம்' என்கிறது. அந்தச் சொல் வந்துவிட்டால் நாம் காலி. பாவம் என்றால் கருணை. கருணை என்றால் மேலே இருந்து கீழே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும்போது இது இன்னும் மோசம், அங்கே துயரத்துக்கு ஒரு தேவையே இருக்கிறது. எவ்வளவு ரத்தம் காட்டுகிறாயோ அவ்வளவு மதிப்பு என்று நம் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதை வன்மையாக எதிர்க்கிறேன். உன் அம்மாவின் கண்ணீரை அனுப்பி இடம் வாங்காதே.

அப்படியானால் வாழ்க்கையை மறைத்துவிடுவதா? அதுவும் இல்லை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வரைவு கொண்டுவந்தாள். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. முதல் வரைவில் அப்பாவின் புண் பிடித்த கால், வீட்டில் நாற்றம், பள்ளியில் பக்கத்தில் உட்காராத பிள்ளைகள். 'சரி, இதில் உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கிற கேள்வி என்ன?' என்று கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்: வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, பாலாறும் நிலமும் கிணறும் கெட்டதற்கு நஷ்டஈடு என்று எல்லாரும் பேசுகிறார்கள், சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்ற எங்க அப்பா காலுக்கு அதில் கணக்கு இருக்கா சார்?

இதுதான் ஆய்வு. மாசு என்பதை நிலத்தின் மீது ஏற்பட்ட கேடாகப் பார்க்கும் சட்டம், நிலமே இல்லாதவனின் உடம்பை எந்தக் கணக்கில் வைக்கிறது என்ற கேள்வி. அந்த ஒரு வரியை முதல் பத்தியில் வைத்தோம். தீர்ப்பு, இழப்பீட்டுக்கு அமைத்த ஆணையத்தின் ஆவணங்கள், இ.எஸ்.ஐ. மருத்துவமனைப் பதிவுகள், தொழிலாளர்களின் வாய்மொழி என்று எங்கே போய் எதைப் பார்க்கப்போகிறாள் என்பது இரண்டாவது பத்தி. இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள், அவர்களோடு எங்கே முரண்படுகிறாள் என்பது மூன்றாவது. அப்பா ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறார்: தொட்டி வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர்கள் அவளுக்குத் தெரியும், அவர்கள் அவளிடம் பேசுவார்கள், வெளியாளிடம் பேசமாட்டார்கள். முதல் வரைவில் சோகமாக இருந்த அப்பா இரண்டாவதில் அறிவாக மாறிவிட்டார். வேறு யாருக்கும் கிடைக்காத ஆவணக் காப்பகம் அவள் வீட்டிலேயே இருக்கிறது என்று குழுவுக்குப் புரிந்துவிடும். அந்தப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்பதற்குக் காரணமாக, அங்கிருக்கும் ஒரு பேராசிரியரின் ஒரு கட்டுரையையாவது உண்மையாகப் படித்து, அதிலிருந்து எழுந்த சந்தேகத்தை எழுதவேண்டும். 'உலகப் புகழ் பெற்ற தங்கள் நிறுவனம்' என்பது பழைய 'சமூகம் அறியவும்' கதைதான்.

மொழி இன்னொரு தொல்லை. ஆங்கிலத்தில் நேரடியாக எழுத உட்கார்ந்தால் நம் பிள்ளைகளுக்கு அலங்காரச் சொற்கள்தான் வருகின்றன, பயத்தில். தமிழில் பேசுவது போல எழுது, ஒரு தோழனிடம் வாசித்துக் காட்டு, அவன் 'புரியல' என்ற இடத்தை மாற்று, பிறகு குட்டிக் குட்டி வாக்கியமாக ஆங்கிலத்தில் போடு. சின்ன வாக்கியத்தில் தப்பு ஒளிய இடமில்லை.

இன்னொன்று. தலித் மாணவர் தலித் பற்றி ஆய்வு செய்யப்போனால் 'உங்களுக்குப் பாரபட்சமற்ற பார்வை இருக்குமா' என்று கேட்கிறார்கள். பிராமணர் கோயில் வரலாறு எழுதும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுபக்கம், நம் பையன் யாப்பிலக்கணத்திலோ வானியலிலோ ஆய்வு செய்ய வந்தால், 'ஏம்பா, தலித் இலக்கியத்துல ஏதாவது பண்ணலாமே' என்று அன்பாகத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வேலி. 1942-ல் வைஸ்ராய்க்கு அம்பேத்கர் கொடுத்த கோரிக்கை மனுவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் நம் மாணவர்களுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். எந்தப் பாடம் நமக்கு, எது நமக்கில்லை என்று அவர் எல்லை போடவில்லை.

பரிந்துரைக் கடிதம் ஒரு வேடிக்கையான வகைமை. நம் கல்லூரிகளில் பாதிப் பேர் 'நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்' என்பார்கள். மாணவன் தன்னைப் பற்றி, தன்மேல் அதிகாரமுள்ள ஒருவரின் குரலில், புகழ்ந்து எழுதவேண்டும். நம் பிள்ளைகளால் இது சுலபத்தில் முடிவதில்லை. என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'ஒழுக்கமானவர், அமைதியானவர், கடின உழைப்பாளி, கீழ்ப்படிதல் உள்ளவர்.' ஆசிரியர்கள் எழுதித் தந்தாலும் இதே சொற்கள்தான். இந்தப் பண்புச் சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: ஒரு நல்ல பண்ணையாளுக்கு மிராசுதார் தரக்கூடிய சர்டிபிகேட். மற்றவர்களுக்கு எழுதப்படும் கடிதங்களில் 'கூர்மையான', 'புதிதாகச் சிந்திக்கிற', 'என்னோடு வாதாடுகிற' என்று வருகிறது. நம்முடையவர்களுக்கு உழைப்பு, அவர்களுக்கு அறிவு. வேலைப் பிரிவினை கடிதத்திலும் தொடர்கிறது.

இதற்கு வழி, கடிதம் எழுதுகிறவருக்குப் பண்புச் சொல் தேவைப்படாமல் செய்வதுதான். உன் திட்டக் கட்டுரையின் ஒரு பிரதி, அதில் நீயே கண்டுபிடித்த ஒரு விஷயம், வகுப்பில் நீ கேட்ட கேள்வி, இவற்றை ஒரு தாளில் எழுதி ஒரு மாதம் முன்னாடியே கொண்டுபோய்க் கொடு. துறைத் தலைவர் என்பதற்காகப் போகாதே. உன் தாளைத் திருத்திய ஆசிரியரிடம் போ, அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும் சரி. அம்பேத்கருக்காக லண்டனுக்குக் கடிதம் எழுதிய கொலம்பியாப் பேராசிரியர் செலிக்மன், அவருடைய ஆய்வை நேரில் நடத்தியவர். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அங்கிருந்து வந்தது.

நேர்முகம் பற்றிப் பேச ஆவணமே இருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நாஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் சமூகப் பிரிவு வாரியாக ஒப்பிட்டுப் பார்த்து, நேர்முகத்தில் பாகுபாட்டுக்கான அறிகுறி இருப்பதாக 2016-ல் சொன்னது. நேர்முகத்துக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்தது நேர் எதிர். அதே 2016-ல் யு.ஜி.சி. விதிமுறை, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, இடத்தை நேர்முகம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்றது. 2017-ல் அங்கே அப்படித்தான் சேர்க்கை நடந்தது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு 1994-லிருந்து மீண்டும் கிடைத்துவந்த கூடுதல் புள்ளியும் ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில் போனது. 2018 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் நூறு சதவீத நேர்முகத்தை ரத்து செய்தது. 2022 விதிமுறையில் 70-க்கு 30 என்று வந்து நிற்கிறது. 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் என்று ஆக்கினார்கள். அந்த ஜூன் 18-ல் நடந்த தேர்வை மறுநாளே ரத்தும் செய்தார்கள். ஆகஸ்டு வரை மறு தேர்வுக்குக் காத்திருந்த காலத்துக்கு ரூம் வாடகை யார் கொடுத்தது?

சேலத்திலிருந்து போன முத்துகிருஷ்ணன் அந்தப் பல்கலைக்கழகத்தில் நுழைய எத்தனை முறை தேர்வெழுதினார், காசு சேர்க்க என்னென்ன வேலை செய்தார் என்று அவரே எழுதி வைத்திருந்தார். சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் இல்லை என்று எழுதிய சில நாட்களில், 2017 மார்ச்சில் நாம் அவரை இழந்தோம். அதற்கு முன் 2008-ல் ஐதராபாத்தில் இறந்த செந்தில்குமாரும் சேலம் மாவட்டம்தான். பன்னியாண்டி சமூகத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர், நெறியாளர் ஒதுக்கப்படாமலே இருந்தார். 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா இறந்தபோது ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வரவேண்டியிருந்தது. இந்தப் பெயர்களை ஊக்கப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை. இடம் கிடைப்பதோடு விண்ணப்பம் முடிவதில்லை. நெறியாளர் யார், அவரிடம் இதற்கு முன் சேர்ந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா என்று அங்கே இருக்கும் அம்பேத்கர் மாணவர் அமைப்பிடம் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். போன பிறகு தனியாக இருக்கக் கூடாது. ராத்திரி கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள் வேண்டும்.

நேர்முகத்துக்குத் தயாராவது என்றால் நம் ஆட்களே நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்து, மரியாதையில்லாமல் கேள்வி கேட்டுப் பழக்குவதுதான். 'எந்த ஊரு? ஊருக்குள்ளயா?' 'அப்பா என்ன பண்றார்?' 'கோட்டாவா?' இந்தக் கேள்விகள் வரும்போது கோபப்பட்டாலும் குனிந்தாலும் நேரம் போய்விடும், அவனுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு உன் ஆய்வுக் கேள்விக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும். இது பழகினால் வரும். தெரியாத கேள்விக்கு 'தெரியாது, ஆனால் இந்தப் புத்தகத்தில் தேடுவேன்' என்று சொல்வதும் பழகினால்தான் வரும்.

பணம். ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். எஸ்.சி. மாணவர்களுக்குத் தனியாக தேசிய உதவித்தொகை இருக்கிறது. வெளிநாட்டுக்கு 1950-களிலிருந்து நடக்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. இதில் 2022-ல் ஒரு விதி புகுத்தினார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புக்குப் பணம் கிடையாது. 1916-ல் கொலம்பியாவில் சாதி பற்றிக் கட்டுரை வாசித்தவர் அந்தத் தலைப்போடு இன்று விண்ணப்பித்தால் அவர் பெயரைச் சொல்லி நடக்கும் அரசு அவரை நிராகரிக்கும். விதியைப் படித்துவிட்டுத் தலைப்பை வைக்கவேண்டும். தந்திரம் செய்வது நம் தவறல்ல. அமெரிக்காவின் நல்ல துறைகளில் பிஎச்.டி.க்கு இடம் கொடுத்தால் கட்டணத் தள்ளுபடியும் மாதப் பணமும் சேர்த்தே பெரும்பாலும் கொடுக்கிறார்கள் என்பது நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரியவே தெரியாது. விண்ணப்பக் கட்டணத்தையும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பல இடங்களில் விலக்குகிறார்கள். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில். ஆகவே ஜூலையிலேயே உட்காரவேண்டும்.

தலித் கிறிஸ்தவர்களுக்கு இதில் பாதி வாசல் அடைப்பு. 1950 ஜனாதிபதி ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ தலித் பி.சி. பட்டியலில். மதமும் சான்றிதழும் வேலையும் ஒருத்தனைப் போட்டு எப்படி உருட்டுகின்றன என்பதற்கு ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' படித்தால் போதும். நான் விளக்க வேண்டியதில்லை.

இடம் கிடைக்கவில்லை என்று பட்டியல் வந்த பிறகு நம் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு போனை அணைத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் அப்படி இருக்கட்டும். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடவேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வெழுதியவனுக்கு உரிமை உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எழுத்தில் எவ்வளவு, நேர்முகத்தில் எவ்வளவு, கடைசியாகத் தேர்வானவருக்கு இரண்டிலும் எவ்வளவு, நேர்முகக் குழுவில் எஸ்.சி., எஸ்.டி. உறுப்பினர் இருந்தாரா. நாலு வரி. 'தாழ்மையுடன்' போட வேண்டாம், 'கீழ்ப்படிதலுள்ள'வும் வேண்டாம். தேதி போட்டு, விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளவேண்டும். பதில் வந்தால் அதை மாணவர் விடுதியில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அதே துறைக்கு அடுத்த வருடம் எழுதப்போகிற பிள்ளை வந்து கேட்கும்.